பேட்டரியைத் தின்பது எது?

1972இல் இன்டெல் வந்திறங்கிய பினாங்கு பாயான் லெப்பாஸில்தான் எனக்கும் வேலை. குளிர்பெட்டிக்குள் ஒட்டும் சின்னக் கருவிக்கு நிரல் எழுதுகிறேன். பெட்டி இரண்டாம் பாலம் தாண்டி பத்து காவான் போகும், அதற்கப்பாலும் போகும். கருவி மணிக்கொருமுறை விழித்து, வெப்பநிலையைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும்.

"பேட்டரி சீக்கிரம் தீருது, என்கிரிப்ஷனை எடுத்துடலாமா?" வாடிக்கையாளர் எல்லாரும் கேட்பது இது. மின்னோட்ட அளவியை மாட்டித் திரையைக் காட்டுவேன். தூக்கத்தில் சில மைக்ரோ ஆம்பியர்தான். ரேடியோ விழித்ததும் கோடு முள்முள்ளாக எகிறும். செய்தி போய்ச் சேர்ந்த பிறகும், நெட்வொர்க் விடுவிக்கும்வரை ரேடியோ சில வினாடி அணையாது. நூறு பைட்டை ஏஇஎஸ் பூட்டும் செலவு அந்தப் படத்தில் தேடினாலும் தென்படாது.

தின்பது ஹேண்ட்ஷேக், அதாவது கருவியும் சர்வரும் அடையாளம் காட்டிச் சாவி ஒத்துக்கொள்ளும் தொடக்கப் பேச்சு. சான்றிதழோடு செய்தால் சில ஆயிரம் பைட் போய்வர வேண்டும், நூறு பைட் செய்திக்காக! தினமும் பார்க்கும் காவலாளி ஒவ்வொரு முறையும் ஐசி (அடையாள அட்டை) கேட்பது மாதிரி.

ஹேண்ட்ஷேக் ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? பலரும் பாலத்தின் மேல் பழிபோடுவார்கள். ஆனால் பாலத்தில் கோபுரம் மாறுவதால் பொதுவாக ஐபி முகவரி மாறாது. கருவி தூங்கும்போதுதான் வில்லங்கம். நடுவில் முகவரியை மாற்றிக்கொடுக்கும் நேட், பேச்சில்லாத யுடிபி இணைப்பைச் சில நிமிடங்களில் மறந்துவிடும். விழித்த கருவி வேறு போர்ட்டிலிருந்து வந்ததாகத் தெரியும். முகவரியையும் போர்ட்டையும் வைத்தே ஆளை அடையாளம் காணும் பழைய டிடிஎல்எஸ் (யுடிபிக்கான என்கிரிப்ஷன் நெறிமுறை) சர்வருக்கு அது அந்நியன். நேட்டை விழிப்பாக வைக்க அடிக்கடி வெற்றுச் செய்தி அனுப்புவது சிலர் வழக்கம். பேட்டரியைக் கொல்ல அதைவிட நல்ல வழி கிடையாது.

2022 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 9146 இதற்குத் தீர்வு தந்தது. ஒவ்வொரு செய்தியிலும் கனெக்‌ஷன் ஐடி என்ற சில பைட் ஏறும், முகவரியோ போர்ட்டோ மாறினாலும் சர்வர் ஆளைக் கண்டுகொள்ளும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்தில் ராம் அழிகிற சிப் என்றால், சாவியோடு செய்திகளின் வரிசை எண்ணையும் ஃபிளாஷில் எழுதிவைக்க வேண்டும். எண் பின்னோக்கிப் போய், அதே சாவியில் அதே நான்ஸ் (ஒருமுறை மட்டுமே வர வேண்டிய எண்) இரண்டாம் முறை வந்தால் பூட்டே திறந்துவிடும். இந்த இடத்தில் சோம்பல்படுவதைவிட ஹேண்ட்ஷேக்கே தேவலாம்.

கருவி வாங்குகிறவர்கள் பேட்டரி எத்தனை ஆண்டு வரும் என்று கேட்கும்போதே, கனெக்‌ஷன் ஐடி உண்டா என்றும் கேளுங்கள். சர்வர்காரரிடமும் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அது வேலை செய்யாது.