வாளியும் வாய்க்காலும்

கடலூரிலிருந்து சிதம்பரம் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. அந்தப் பயணத்தில் நான் பார்க்க விரும்பியவை இரண்டு: ஒரு பிளாஸ்டிக் வாளியின் கதை நடந்த ஊர்கள், பிச்சாவரத்தில் வெட்டிய சில வாய்க்கால்கள்.

கடலூர் முதுநகரைக் கடந்து பேருந்து தெற்கே திரும்பியதும் உப்பனாற்றை ஒட்டி சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகள் தொடங்குகின்றன. 1980களில் வேலைவாய்ப்பு என்ற வாக்குறுதியோடு வந்தவை. சாயம், மருந்து மூலப்பொருள், பூச்சிக்கொல்லி எல்லாம் இங்கே தயாராகின. குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் ஆகிய ஊர்கள் ஆலைகளுக்கு நடுவிலும் ஓரத்திலுமாக மாட்டிக்கொண்டன. கிணற்று நீரும் ஆற்று மீனும் கெட்டதைப் பற்றி மக்கள் பேசிப் பேசி அலுத்திருந்தார்கள். காற்றைப் பற்றிப் பேசியபோதோ, 'நாற்றம்தானே' என்ற பதில் வந்தது. நாற்றத்துக்கு ஆதாரம் காட்டுவது எப்படி?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எண்ணெய் ஆலைகளுக்கு அருகே குடியிருந்தவர்களுக்காக 1990களில் உருவான எளிய கருவி ஒன்று 2004இல் இங்கே வந்து சேர்ந்தது. காற்றுப் புகாத மூடி போட்ட வாளி. அதனுள்ளே ஒரு சிறப்புப் பை. வாளியிலிருக்கும் காற்றைச் சிறு பம்பு உறிஞ்சினால், வெளிக்காற்று குழாய் வழியே வந்து பையை நிரப்பும். பையை மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். ஊர்க்காரர்களே சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழுவாகச் சேர்ந்தார்கள். எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து, என்ன வாடை என்று நோட்டில் எழுதினார்கள். ஆய்வக முடிவில் இருபதுக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் தெரியவந்தன; அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. வெறும் புகாராக இருந்தது அன்று முதல் எண்களாக மாறியது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட, மிகக் கடுமையாக மாசுபட்ட 43 தொழிற்பகுதிகளின் பட்டியலில் கடலூரும் இருந்தது.

ஈச்சங்காட்டில் இறங்கினேன். டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் இப்போது எப்படி என்று கேட்டேன். "முன்ன மாதிரி இல்ல தம்பி. ஆனா ராத்திரியில காத்து இந்தப் பக்கம் திரும்புனா இன்னமும் கதவ சாத்திக்கிட்டுத்தான் படுக்குறோம்" என்றார். அதிகம் மாசுபடுத்தும் வகை ஆலைகள் புகைபோக்கியிலும் கழிவுநீர்க் குழாயிலும் தானியங்கிக் கருவி பொருத்தி, அளவுகளை நேரடியாக வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2014இலேயே உத்தரவு வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் திண்ணையில் இருந்த யாரும் அந்த எண்களைப் பார்த்ததில்லை.

மீண்டும் பேருந்து. பெரியப்பட்டுப் பக்கம், 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்துப் போட்ட எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் இடம். பணி முடியாமலே நின்று, நிறுவனம் நொடித்து, சொத்து கைமாறிவிட்டது. புதுச்சத்திரம், பு.முட்லூர், வெள்ளாறு, சிதம்பரம். அங்கிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம்.

சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போகிறவர்கள் பெரும்பாலும் பசுமைக் குகை போன்ற ஓடைகளைப் படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். நான் படகோட்டி அண்ணனிடம், "வெட்டுன வாய்க்காலு எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்சம் வியப்போடு பார்த்துவிட்டு, துடுப்பால் ஒரு பக்கம் காட்டினார். ஓடையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் வாய்க்கால், அதன் இருபுறமும் கிளைகள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவம்.

ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை இந்தக் காட்டைக் கூப்பு எனப்படும் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக மொத்தமாய் வெட்டினார்கள். நிழல் இழந்த சேற்று நிலம் காய்ந்து அமிழ்ந்து, நடுவே பள்ளம் விழுந்தது. உள்ளே வந்த ஓதநீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி வற்றியதில் உப்பு ஏறியது. கன்று எதுவும் பிழைக்கவில்லை. காடு அழிவதற்கு விறகு வெட்டுபவர்களையும் மாடு மேய்ப்பவர்களையுமே பலர் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மண்ணின் மட்டத்தையும் உப்பையும் அளந்து உண்மைக் காரணத்தைக் கண்டது. 1990களில் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து இந்த வாய்க்கால்களை வெட்டினார்கள். ஓதநீர் வந்து போகத் தொடங்கியதும் நட்ட கன்றுகள் தழைத்தன. வாய்க்காலில் வண்டல் சேரச் சேரத் தூர்வார வேண்டும். அந்தப் பொறுப்பும் ஊர்களிடம்தான் வந்தது.

2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று கடலூர்க் கடற்கரையை ஆராய்ந்த கட்டுரை மறு ஆண்டே 'சயின்ஸ்' இதழில் வந்தது. நிலத்தின் உயரமும் கடலிலிருந்து தூரமும் சேர்ந்துதான் காத்தன என்று வேறு அறிஞர்கள் மறுத்தார்கள். அந்த வாதம் நியாயமானது. மரத்தை மட்டும் நம்பி ஊரைக் கடலோரத்தில் வைக்கக் கூடாது. 2022இல் பிச்சாவரம், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இந்த மாவட்டம் நெய்வேலி மின்சாரத்தைப் பல ஊர்களுக்கும், வீராணம் தண்ணீரை 200 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னைக்கும் கொடுக்கிறது. நகரங்கள் வளர வளர இன்னும் ஆலைகள் இங்கே வரும். வரட்டும், வேலை வேண்டும். ஆனால் இங்கே பலன் தந்த இரண்டு தொழில்நுட்பங்களும் அந்த மண்ணில் வாழ்கிறவர்களின் கையில் ஒப்படைக்கப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. ஆலை அருகே குடியிருப்பவர்களே, காற்றின் அளவும் நிலத்தடி நீரின் அளவும் தமிழில், ஊராட்சி அலுவலக வாசலில், வாரந்தோறும் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே அதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.