கோப்பில் மட்டும் பார்த்த ஏனாம்



பொந்திசேரி, காரிக்கால், மாஹே, யானாவோன், ஷாந்தெர்நகோர். இந்த ஐந்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்தால்தான் எங்கள் முசியே உட்கார விடுவார். கடைசி ஊர் எப்போதோ இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. அந்தச் செய்தி எங்கள் பாடப் புத்தகத்துக்கு மட்டும் எட்டவில்லை. என் வயதுக்காரர்களுக்கு இது நினைவிருக்கும்.

அரசு வேலைக்கு வந்த பிறகு அந்த யானாவோன், ஏனாம் ஆகி என் மேசைக்கே வந்தது. மீனவர் உதவி, வீட்டுமனை, நிவாரணம் என்று ஏதாவது ஒரு கோப்பு வந்துகொண்டே இருக்கும். தரியாலதிப்பா, இசுகதிப்பா, அடவிபொலம் என்ற பெயர்களை எத்தனை முறை எழுதியிருப்பேனோ, கணக்கில்லை. நேரில் போனதில்லை. எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். ஏனாமுக்கு மாற்றல் என்றால் அந்தக் காலத்தில் பலர் சிபாரிசுக்கு அலைவார்கள். எனக்கு அந்த உத்தரவு வரவே இல்லை.

அந்தக் கோப்புகளில் ஒன்றை மறக்க முடியவில்லை. 1996 நவம்பர் 6-ஆம் தேதி இரவு கோதாவரி முகத்துவாரத்தைப் புயல் தாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எனக்கு வந்த பட்டியலில் சில பெயர்களுக்கு எதிரே 'இறந்தார்' என்று இல்லை, 'காணவில்லை' என்று இருந்தது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள். காணாமல் போனவரைப் பற்றி ஏழு ஆண்டு தகவலே இல்லையென்றால்தான் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சட்டம். அதுவரை அந்த வீட்டுப் பெண் விதவையா இல்லையா? குறிப்பு எழுதும் எங்களுக்கு அது ஒரு பத்தி, அவ்வளவுதான்.

சென்ற பிப்ரவரியில் மனைவியும் நானும் சர்க்கார் எக்ஸ்பிரஸில் காக்கிநாடா போய் ஒரு வாரம் தங்கினோம். ஊர் எனக்குப் பிடித்தது. நம் ஊர் போலவே நேர் நேரான தெருக்கள். காஜா என்ற இனிப்பைக் கடித்தால் உள்ளிருந்து பாகு பீறிடும். சர்க்கரை நோயாளியான நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன் என்று மனைவி சொல்வாள், நம்புங்கள்.

மூன்றாம் நாள் உப்பாடா. ஜம்தானி சேலைக்குப் பேர் போன ஊர். சேலை வாங்கியாயிற்று, விலை கேட்காதீர்கள். பிறகு கடற்கரைக்குப் போனோம். கரையா அது? பாதி இடிந்த வீடுகள், கடல் கடித்துத் தின்ற சாலை, அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகள். புயலுக்கு மறுநாள் ஜனங்கள் மணலைச் சலித்துப் பொன்மணி தேடுவார்களாம். கடல் கொண்டுபோன வீடுகளின், கோயில்களின் தங்கம் என்று அவர்கள் நம்புகிறார்கள். ஓரத்தில் இரண்டு கடலாமைகள் செத்து ஒதுங்கிக் கிடந்தன. முட்டையிட வரும் பருவத்தில் இழுவலையில் சிக்கி மூச்சு முட்டிச் சாகின்றன.

இது ஏன் என்று யோசித்தால் நம் புலிவார் கதைதான். நம் பக்கத்துக் கடல் ஆண்டின் பெரும்பகுதி மணலை வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். காக்கிநாடாவுக்கு எதிரே கோதாவரி கொண்டுவந்த மணல் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஹோப் தீவாக வளர்ந்து, துறைமுகத்துக்கு அரணாக நிற்கிறது. அங்கே தங்கிவிடும் மணல் வடக்கே உள்ள உப்பாடாவுக்குப் போவதில்லை. அங்கே மணலைப் பிடித்தது தீவு; புதுச்சேரியிலோ துறைமுகத்துக்காக 1980-களில் கட்டிய சுவர். நாம் சிறுவயதில் ஓடி விளையாடிய மணல் போய்க் கருங்கல் வந்தது. கடலுக்குள் தடுப்புப் போட்ட பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது, அதுவரை சந்தோஷம்.

ஐந்தாம் நாள் கோரிங்கா. ஒருகாலத்தில் கப்பல் கட்டிய துறைமுகம். பர்மாவுக்குப் போன தெலுங்கர்களை அங்கே இந்த ஊர்ப் பெயராலேயே அழைத்தார்கள். 1839 புயலுக்குப் பிறகு துறைமுகம் தலையெடுக்கவில்லை. 1978-இல் சதுப்புக்காட்டைச் சரணாலயமாக அறிவித்தார்கள். மரப்பலகைப் பாதையில் நடந்தால் இருபுறமும் சேற்றிலிருந்து ஆணி அடித்ததுபோல் மூச்சுவேர்கள். சேற்றில் துள்ளும் மீன்கள், ஒரு கொம்பு மட்டும் பெரிதாக உள்ள நண்டுகள். படகில் போனபோது நீர்நாய்கள் மூன்று தலைதூக்கி எங்களைப் பார்த்துவிட்டு முழுகின. மீன்பிடிப் பூனையைப் பார்க்கவில்லை. இரவில் நடமாடும் பிராணி அது. சேற்றில் அதன் கால்தடத்தைப் படகோட்டி காட்டினார்.

ஒரு மரத்தைக் காட்டி, "தாத்தகாரு, தில்லா. பால் கண்ணில் பட்டால் எரியும்" என்றார். தில்லை! சிதம்பரத்துக்குப் பெயர் தந்த மரம். பிச்சாவரத்தில் பார்த்ததை இங்கே தெலுங்கில் பார்த்தேன்.

மறுநாள் ஏனாம். நூறு மீட்டர் உயரத்துக்கு ஓர் இரும்புக் கோபுரம் கட்டி வைத்திருக்கிறார்கள், ஏனாமின் ஈஃபில் என்கிறார்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நேரே தரியாலதிப்பாவுக்கு ஆட்டோ பிடித்தோம். 'திப்பா' என்றால் நம் 'திட்டு' என்று ஆட்டோக்காரர்தான் சொன்னார். 'இசுக' என்றால் மணல். மணல்திட்டு என்று தெரியாமலே இத்தனை வருஷம் இசுகதிப்பா என்று எழுதியிருக்கிறேன்!

அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், ஆட்டோக்காரரை மொழிபெயர்க்க வைத்து, 96 புயலைப் பற்றிக் கேட்டேன். அன்று படகைச் சதுப்புக்காட்டு ஓடைக்குள் ஓட்டி மரத்தில் கட்டியவர்கள் பிழைத்தார்களாம், அவரும் அவர் தம்பியும் அப்படித்தான். கடலில் இருந்தவர்கள் வரவில்லை. அவர் சொன்ன பெயர்களில் ஒன்று என் பட்டியலில் இருந்தது போலத் தோன்றியது. அந்தப் பக்கம் அது சாதாரணப் பெயர், உறுதியாகச் சொல்ல முடியாது. நான் எந்த அலுவலகத்தில் இருந்தேன் என்று சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "பணம் வந்தது" என்றார். பிறகு மனைவிக்கு உட்கார ஒரு பலகையை எடுத்துப் போட்டார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

போக விரும்புகிறவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. கோரிங்காவில் படகு ஏறுமுன் நீரேற்றம் எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வற்றத்தில் ஓடைக்குள் படகு போகாது. முழங்கால் வலிக்காரர்கள் பலகைப் பாதையில் கைத்தடியோடு நடக்கவும், சில இடங்களில் வழுக்குகிறது.