ஒரு கிலோ பாரம்

பைக்கில் பாரம் குறைக்கவேணும் எண்டு ஒரு காலம் பைத்தியமாகத் திரிந்தேன். என்னுடையது 150 சிசி, கிக்கர் இல்லாதது. அதிலிருந்த 9 ஆம்பியர்-மணி பற்றரியைக் கழற்றி, 5 ஆம்பியர்-மணிச் சின்னப் பற்றரி ஒன்றைப் பூட்டினேன். ஏறக்குறைய ஒரு கிலோ மிச்சம். பெரிய வெற்றி எண்டு நினைப்பு.

இரண்டு மாதம் பிரச்சினை இல்லை. பிறகு ஒரு மார்கழி விடியற்காலை, அம்மாவுக்குக் கிளினிக். நம்பர் எடுக்க ஐந்து மணிக்கே வெளிக்கிட்டோம். செல்ஃபை அமத்தினால் ‘டிக், டிக்’ எண்ட சத்தம் மட்டும். கடைசியில் இரண்டாம் கியரில் போட்டுத் தள்ளித்தான் ஸ்ராட் பண்ணினோம். தள்ளியது, மூட்டு வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போன அம்மா.

கராஜ் அண்ணை மீற்றரை வைத்தார். சும்மா நிற்கையில் 12.3 வோல்ற். செல்ஃபை அமத்த 9க்குக் கீழே விழுந்தது.

“தம்பி, லைற் எரிய உது காணும். எஞ்சினைச் சுத்தக் காணாது. நீ ஓடுறதும் ரெண்டு கிலோமீற்றர், கடைக்குக் கடை நிப்பாட்டி. சார்ஜ் ஏற எங்க நேரம்?”

லிதியம் பற்றரி எண்டால் சின்னதே பலமாகச் சுத்தும். ஆனால் ஸ்ராட் பண்ணக் கொடுக்கும் ஆம்பியரையும், பைக்கின் சார்ஜிங் வோல்ற் அதற்குப் பொருந்துமா எண்டதையும் பார்த்துத்தான் வாங்கவேணும். நான் பார்த்தது பாரத்தை மட்டும்.

பழைய அளவுக்கே திரும்பிவிட்டேன். அம்மா இப்பவும் ஏற முதல் சொல்லுவா: “முதல்ல ஸ்ராட் பண்ணிக் காட்டு.”