பிருந்தாவனம் தந்த வெட்டுத்தாள்

புரட்டாசி பிறந்தால் தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்களில் இரண்டு கவலைகள் தோன்றும். பரணிலிருந்து கொலுப்பெட்டியை இறக்குவது யார் என்பது ஒன்று. இறக்கிய பெட்டியில் எத்தனை பொம்மைகள் மூக்கும் முழியுமாக இருக்கும் என்பது மற்றொன்று. சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒரு கவலையும் சேர்ந்தது. ஆறு ஆண்டுகளில் நான்காவது வாடகை வீட்டிற்குக் குடிவந்திருந்தோம். வீட்டுக்கு உரியவர் நல்லவரே. எனினும் சுவரில் ஓர் ஆணியும் அடிக்கலாகாது, வண்ணம் தீட்டலாகாது, படம் எதையும் ஒட்டலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை. குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய சிற்றறையின் நான்கு சுவர்களும் மருத்துவமனைச் சுவர்களைப் போல வெறிச்சென்று நின்றன. ஒன்பது வயது மகள் ஒருநாள் அச்சுவரைப் பார்த்தபடியே, "அப்பா, இது நம்ம ரூமா, அவங்க ரூமா?" என்று கேட்டாள். அதற்கு விடை கூற எங்களால் இயலவில்லை.

அந்த நாட்களில்தான் பிருந்தாவனம் சென்று வரலாம் என்ற எண்ணம் எழுந்தது. "மகாளய பட்சத்திலே பயணமா?" என்று பாட்டி தடுத்தார். அவ்வூரில் ஆண்டாளுக்கு ஒரு கோயில் உண்டு என்று எடுத்துரைத்தோம். "அவளைப் பார்க்கப் போவதற்கு நாள் என்ன, நட்சத்திரம் என்ன?" என்று தம் பையை முதலில் எடுத்து வாயிற்படியருகே வைத்தவரும் அவரே.

டெல்லியிலிருந்து மதுரா ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவு. காலை வண்டியில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் மதுராவில் இறங்கிவிடலாம். அங்கிருந்து பிருந்தாவனம் சுமார் 12 கிலோமீட்டர். ஊருக்குள் நுழைந்ததும் எங்களை வரவேற்றவர்கள் குரங்குகளே. மூக்குக் கண்ணாடியைப் பறிப்பதில் அவ்வூர்க் குரங்குகளுக்கு நிகர் வேறில்லை. எங்களுள் ஒருவருடைய கண்ணாடி கண்மூடித் திறப்பதற்குள் மதில்மேல் ஏறிவிட்டது. பழரசப் பொட்டலம் ஒன்றைக் கப்பமாகக் கட்டிய பின்னரே மீண்டது. ஆறு வயது மகனுக்கு அன்றைய பயணத்தின் பயன் அப்போதே கிட்டிவிட்டது.

அரங்கஜி கோயில் 1851-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. யமுனைக் கரையில் தமிழ்நாட்டுப் பாணிக் கோபுரம் உயர்ந்து நிற்பதைக் கண்டபோது பாட்டியின் கண்கள் பனித்தன. உள்ளே கோதையும் ரங்கமன்னாரும் எழுந்தருளியிருக்கின்றனர். வழிபாடு இராமானுசர் மரபில் நடைபெறுகின்றது. வில்லிபுத்தூரில் இருந்துகொண்டே தன்னை ஆய்ப்பாடிச் சிறுமியாகப் பாவித்தவள் ஆண்டாள். அவளுக்கு உண்மையான ஆயர் நாட்டிலேயே ஓர் இல்லம் அமைந்ததே என்று வியந்தோம். தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது, நாங்கள் தேடி வராத செல்வம் ஒன்று ஒரு சந்தில் எங்களுக்காகக் காத்திருந்தது.

ஒரு வீட்டின் வெளிச்சுவரில், சாணம் மெழுகிய சதுரத்தின்மேல், சாணத்தாலேயே மெல்லிய கோடுகள் இழுத்து ஏதோ உருவம் அமைத்திருந்தார்கள். கோடுகளின்மீது செவ்வந்தி இதழ்களும் வண்ணத்தாள் துணுக்குகளும் பதிந்திருந்தன. இரண்டு சிறுமியர் எஞ்சிய இடத்தில் பூ ஒட்டிக்கொண்டிருந்தனர். இதன் பெயர் 'சாஞ்ஜி' என்றார்கள். போபால் அருகே பெளத்த தூபி நிற்கும் சாஞ்சி வேறு, இது வேறு. மாலைப்பொழுதைக் குறிக்கும் 'சந்தியா' என்ற சொல்லோடு இப்பெயரைச் சேர்த்துச் சொல்வதுண்டு. கண்ணனுக்காக இராதை பூக்களால் சுவரை அலங்கரித்தாள் என்பது அங்கே வழங்கும் கதை. அதை நினைந்து மகாளய பட்சத்தின் பதினைந்து நாட்களும் வ்ரஜ நாட்டுச் சிறுமியர் நாளுக்கொரு கோலமாகச் சுவரில் சமைக்கின்றனர். நம் இல்லங்களில் மங்கல காரியங்களை ஒத்திவைக்கும் அதே பதினைந்து நாட்கள்! பாட்டி சற்று நேரம் அதைப் பார்த்து நின்று, "குழந்தைகள் விளையாட்டுக்கு ஏது பட்சம்?" என்றார்.

16-ஆம் நூற்றாண்டில் பிருந்தாவனத்தில் வைணவ ஆலயங்கள் பெருகின. காலப்போக்கில் சிறுமியரின் சுவர்க்கலை கோயில்களுக்குள்ளும் புகுந்து வேறு வடிவம் பெற்றது. அதனையும் அன்று மாலை ஒரு சிறிய கோயிலில் கண்டோம். எட்டு மூலைகள் கொண்ட மண் மேடையொன்றைச் சமனாக மெழுகியிருந்தார்கள். அதன்மேல் நுட்பமாக வெட்டிய தாள் ஒன்றை விரித்து, மெல்லிய துணியில் முடிந்த வண்ணப்பொடியை மேலிருந்து மெதுவாகத் தட்டினார்கள். தாளை நீக்கியதும் மயில் ஒன்று தோன்றிற்று. பிறகு வேறொரு தாள், வேறொரு வண்ணம். மயிலுக்குக் கண்கள் வந்தன. அடுத்த தாளில் கதம்ப மரம். இவ்வாறு தாளின்மேல் தாளாக மணிக்கணக்கில் உழைத்து, விளக்கேற்றும் வேளையில் ஒரு பூங்காவையே படைத்துவிட்டனர். நீரின் மேற்பரப்பில் பொடியை மிதக்கவிட்டு அமைக்கும் சாஞ்ஜியும் உண்டு. நீருக்கு அடியில் அமைப்பதும் உண்டு.

அன்றிரவு ஒரு தரும சத்திரத்தில் தங்கி, மறுநாள் காலையில் மீண்டும் அக்கோயிலுக்குச் சென்றோம். அப்போது அந்தப் பூங்காவைத் துடைத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பொடி முழுவதும் யமுனைக்குப் போகுமாம். மகள் திடுக்கிட்டு நின்றாள். எங்கள் இந்தியைக் காட்டிலும் அவளுடைய இந்தி தெளிவானது. நேரே பூசகரிடம் சென்று, ஏன் அழிக்கிறீர்கள் என்று வினவினாள். அவர் சிரித்து, படம் போனால் போகட்டும் மகளே, வெட்டுத்தாள் எங்களிடம் பத்திரமாக இருக்கிறதே, இன்று மாலை வேறொன்று போடுவோம் என்றார். அவள் அதைப் பாட்டிக்குத் தமிழில் சொன்னாள். பாட்டிக்கோ நாச்சியார் திருமொழி நினைவுக்கு வந்துவிட்டது. "ஆண்டாளும் அவள் தோழிகளும் மணலிலே சிற்றில் கட்டுவார்கள் கண்ணே. கண்ணன் வந்து காலால் சிதைத்துவிடுவான். சிதைக்காதே என்று கெஞ்சிப் பாடுவாள். ஆனால் மறுநாளும் கட்டாமல் இருந்தாளா?" என்றார். குழந்தை விடை சொல்லவில்லை. வெகுநேரம் அந்த வெறும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் மதுராவில், வழிவழியாகத் தாள் வெட்டும் குடும்பத்தார் ஒருவரைக் கண்டோம். முனை மெலிந்த சிறிய கத்தரிக்கோல் ஒன்றே அவருடைய கருவி. தாளை அசைத்துக் கத்தரியை ஏறத்தாழ அசையாமல் பிடிக்கிறார். எங்கள் மகனுக்காக ஒரு பசுவை வெட்டித் தந்தார். அப்போது அவர் சொன்ன ஒரு நுட்பம் குழந்தைகளுக்கும் எளிதில் விளங்கியது. வெட்டிய இடம் வழியாகத்தான் பொடி இறங்கும். ஆகவே பசுவின் கண் வெட்டப்படாமல் நிற்க வேண்டுமானால், அதைச் சுற்றியுள்ள தாளோடு இணைக்க ஒரு சிறு பாலம் விட வேண்டும். பாலம் அறுந்தால் கண் உதிர்ந்து விழும். இந்தக் கலையின் அரிச்சுவடி அவ்வளவே.

வீடு திரும்பியதும் பழைய மாத நாட்காட்டியின் தடித்த தாள்கள் வெளிவந்தன. நேயர்கள் தங்கள் குழந்தைகளுடன் செய்து பார்க்க விரும்பினால், நாங்கள் செய்த முறையைச் சொல்கிறோம். தாளை நடுவில் மடியுங்கள். மடிப்பின் ஓரமாகத் தாமரையின் ஒரு பாதியை மட்டும் வரையுங்கள். இதழ்களுக்கு இடையே அரை விரல் அகலத்தில் பாலங்களை விட்டு, இதழ்களின் உட்புறத்தை வெட்டி எடுங்கள். விரித்தால் முழுத் தாமரை. ஆறு வயதுக் குழந்தைக்கு முனை மழுங்கிய கத்தரியும் பெரிய இதழ்களும் போதும்; நுண்ணிய பகுதிகளைப் பெரியவர்களே வெட்டித் தருவது நலம். பின்னர் ஒரு மரப்பலகையின்மீதோ அட்டையின்மீதோ அதை வைத்து, மல் துணியில் முடிந்த கோலப்பொடியை விரலால் தட்டுங்கள். அழுத்தித் தேய்த்தால் பொடி தாளின் அடியில் புகுந்து உருவத்தைக் கெடுத்துவிடும். தாளை இரு கைகளாலும் நேராக மேலே தூக்குவதில்தான் வெற்றி இருக்கிறது. எங்கள் முதல் தாமரை, தூக்கும்போது மகன் தும்மியதால் மேகமாயிற்று!

அதே வெட்டுத்தாள் அறைக்கு அழகு சேர்க்கவும் உதவும். ஆகஸ்டு 15-ஆம் நாளில் டெல்லி வானமெங்கும் பட்டம் பறப்பதை நேயர்கள் அறிவார்கள். அந்நாளில் எஞ்சிய மெல்லிய வண்ணத்தாள்கள் எங்கள் வீட்டில் இருந்தன. அவற்றை வெட்டுத்தாளின் பின்புறம் ஒட்டி, சன்னல் கம்பிகளுக்கு இடையே நூல் கட்டித் தொங்கவிட்டோம். ஆணி இல்லை, பசை இல்லை. காலை வெயில் ஏறியதும் சிவப்புத் தாமரையும் பச்சை மயிலும் அந்த வெண்சுவரின்மீதே விழுந்து அசைந்தன. சுவரைத் தொடாமலே சுவருக்கு வண்ணம் ஏற்றியாயிற்று. வீட்டுக்காரரின் நிபந்தனையில் வெயிலைப் பற்றி ஒன்றும் இல்லை.

பிறகு நவராத்திரி வந்தது. எங்கள் குடியிருப்பை ஒட்டி ஒரு பழைய சிற்றூர் இருக்கிறது. நகரம் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது. ஆயினும் ஊரின் வழக்கங்கள் மறையவில்லை. அரியானாப் பகுதியில் சாஞ்ஜியை நவராத்திரியின் முதல் நாளில்தான் சுவரில் ஏற்றுகிறார்கள் என்பதை அப்போது அறிந்தோம். களிமண்ணால் சிறு சிறு நட்சத்திரங்கள் செய்து, காயவைத்து, வண்ணம் பூசி, சாணத்தால் சுவரில் பதித்துத் தேவியின் திருமேனியை அமைக்கிறார்கள். மாலைதோறும் சிறுமியர் கூடிப் பாடுகிறார்கள். விஜயதசமியன்று அதைப் பெயர்த்தெடுத்து, துளையிட்ட மண்பானைக்குள் விளக்கோடு வைத்துக் குளத்தில் மிதக்கவிடுவது மரபு. கரையை அடையுமுன் அப்பானையை உடைக்க முயல்வது சிறுவர்களின் விளையாட்டு. எங்கள் மகள் ஒரு மாலை சுண்டலை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். இரண்டு தோழியரோடும் ஒரு கை நிறைய மண் நட்சத்திரங்களோடும் திரும்பினாள். அத்தோழியர் எங்கள் கொலுப்படியின் அடியில் முளைவிட்டிருந்த கடுகுப் பயிரைக் கண்டு வியந்து நின்றனர்.

அந்த நட்சத்திரங்களைச் செய்வதும் அரிதன்று. டெல்லியில் உத்தம் நகர்ப் பக்கம் குயவர் குடியிருப்பு உண்டு, களிமண் கிடைக்கும். பிசைந்த மண்ணை அரை விரல் கனத்தில் தட்டி, வேண்டிய உருவில் வெட்டி, ஈரவிரலால் ஓரங்களை மழுக்க வேண்டும். தொங்கவிடுவதானால் ஈரமாக இருக்கும்போதே ஈர்க்குச்சியால் துளையிட வேண்டும். மூன்று நாட்கள் நிழலில் உலர வேண்டும். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். நன்கு உலர்ந்த பின் வெள்ளை பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டினால் எடுப்பாகத் தோன்றும்.

பதிப்பதற்குச் சுவர் வேண்டுமே! வீடு மாறியபோது குளிர்சாதனப் பெட்டியைச் சுற்றிவந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. அதைப் பிரித்து நிறுத்தி, பாட்டியின் பழைய நூல்புடவைத் துண்டு ஒன்றைப் போர்த்தித் தைத்தோம். அதுவே குழந்தைகளின் சுவராயிற்று. அதன்மேல் நட்சத்திரங்களும், மதுராப் பசுவும், உடைந்த கொலுச் செட்டியாரின் தப்பிப் பிழைத்த தலையும் இடம் பெற்றன. வீட்டுச் சுவரின்மேல் அது சாய்ந்து நின்றதே அன்றி, அதைத் தீண்டவில்லை.

இந்தச் சித்திரையில் மறுபடியும் வீடு மாறினோம். குழந்தைகள் வருந்துவார்களோ என்று அஞ்சினோம். அட்டைச் சுவர் மடங்கி நைந்துவிட்டது, அதை விட்டுவிட்டோம். நட்சத்திரங்களில் பாதி வழியிலேயே நொறுங்கின. மகளோ வெட்டுத்தாள்களை மட்டும் சுருட்டி, நூலால் கட்டி, லாரியில் ஏற்ற விடாமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். புது வீட்டில் பெட்டிகள் பிரிபடுமுன், பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போதே, அவளும் தம்பியும் சன்னல் கம்பியில் நூல் கட்டி முடித்துவிட்டனர். இது யாருடைய அறை என்று இம்முறை அவள் எங்களைக் கேட்கவில்லை.

நேயர்கள் இவ்வாண்டு மகாளயத்தில் ஒரு நாள் பிருந்தாவனம் சென்று வரலாம். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். மாலையில் கண்டதோடு திரும்பிவிடாமல், ஓர் இரவு தங்கி, காலையில் அழிப்பதையும் அவர்கள் காணட்டும். மூக்குக் கண்ணாடியை மட்டும் மறவாமல் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்!