இரண்டாவது காமிரா

புகைப்படம் எடுப்பதைத் தொழிலாகக் கொள்ளாமல் ஓய்வு நேரத்து இன்பமாகக் கொண்டவர்கள் நம் இராபர்ட்சன்பேட்டையில் பலர் உளர். ஞாயிற்றுக்கிழமைகளில் காமிராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எம். ஜி. மார்க்கெட்டிலும், மாரிக்குப்பம் இரயில் நிலையத்திலும், சயனைடு மண்மேடுகளின் ஓரத்திலும் இவர்கள் நடந்து திரிவதைக் காணலாம். நாமும் இவர்களுள் ஒருவரே. இத்தகைய அன்பர்கள் கூடிப் பேசும்போது தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: "காமிரா ஒன்று இருக்கையில் இரண்டாவது ஒன்று தேவைதானா? தேவையெனில் எதை வாங்குவது?" இதே கேள்வி இல்லத்தில் வேறு வடிவம் பெறும். "பொழுதுபோக்குக்கு ஒன்று போதாதா?" என்பர். இரண்டும் நியாயமான கேள்விகளே. இரண்டிற்கும் விடை கூற வேண்டியது நம் கடமை.

விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் இறங்கி உழைத்த சுரங்கத் தொழிலே அதைக் கற்றுத் தருகிறது. 1862 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இங்கிலாந்தின் ஹார்ட்லி என்னும் நிலக்கரிச் சுரங்கத்தில், நீர் இறைக்கும் எந்திரத்தின் பெரிய இரும்பு உத்தரம் முறிந்து சுரங்கக் குழிக்குள் விழுந்தது. மேலே வருவதற்கு அந்த ஒரே குழிதான் வழி. வழி அடைபட்டதால் 204 பேர் மாண்டனர். அவ்வாண்டிலேயே, சுரங்கம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாயில்கள் வேண்டும் என்று அந்நாட்டில் சட்டம் பிறந்தது. நம் நாட்டின் 1961 ஆம் ஆண்டு உலோகச் சுரங்க விதிகளும் அதையே வற்புறுத்துகின்றன. இவ்விதியில் கருத்தூன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இரண்டாவது வாயில் இருந்தால் மட்டும் போதாது. ஆட்கள் வேலை செய்யும் இடத்தோடு அது இணைந்திருக்க வேண்டும். இணையாத குழி எவ்வளவு அகலமாக இருந்தாலும், உள்ளே அகப்பட்டவனுக்கு உதவாது.

உயிர் காக்கும் விதியைப் பொழுதுபோக்குக்கு ஒப்பிடுவதா என்று சிலர் வினவலாம். பொருளின் பெருமையில் ஒப்புமை இல்லைதான். ஆனால் முறை ஒன்றே. கைக்காப்பாக வாங்கும் காமிரா, முதற் காமிராவைவிட உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது பிறகு பார்க்க வேண்டியது. நம்மிடம் உள்ள லென்ஸ், பாட்டரி, நினைவு அட்டை ஆகியவற்றோடும், நம் விரல்களின் பழக்கத்தோடும் அது இணைகிறதா என்பதே முதற்கேள்வி.

நம் ஊரில் இக்கேள்விக்குத் தனி அவசரம் உண்டு. 2001 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வது பல குடும்பங்களின் வாழ்வாயிற்று. சுரங்கம் கண்ட தலைமுறை முதுமை எய்திவிட்டது. சாம்பியன் ரீப் சுரங்கத்தில் டிம்பர்மேனாக, அதாவது பாறை சரியாதபடி மரத்தாங்கல் அமைப்பவராக, உழைத்த பெரியவர் ஒருவர், நம் வேண்டுகோளுக்கு இணங்கித் தம் லைன் வீட்டு வாசற்படியில், தலைக்கவசத்தைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். மூன்றாவது படத்தில் நம் காமிராவின் ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. முதல் இரண்டும் ஒளியளவு பார்ப்பதற்காக எடுத்தவை. "அதற்கென்ன தம்பி, அடுத்த வாரம் வா" என்றார் அவர். பழுது நீங்கிக் காமிரா திரும்பி வர ஐந்து வாரம் ஆயிற்று. அதற்குள் அவரை அவருடைய மகள் சென்னைக்கு அழைத்துச் சென்றுவிட்டார். அவர் நலமாக இருக்கிறார். சென்னைக்குப் போனால் இன்றும் படமெடுக்கலாம். ஆனால் அந்த வாசற்படி அங்கே இல்லை. இங்கே வீடு பூட்டிக் கிடக்கிறது. இரண்டாவது காமிரா வேண்டும் என்று நாம் துணிந்தது அதன் பிறகே.

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைப் பார்ப்போம். இங்கு நாம் கூறுவது, கடைக்காரர் 'பாடி' என்று சொல்லும் லென்ஸ் நீங்கலான பெட்டியைப் பற்றியே. லென்ஸைப் பூட்டும் வளையத்தை 'மவுண்ட்' என்பர். நிக்கான் நிறுவனம் தன் எஃப் மவுண்டை 1959 இலும், கேனன் தன் இ.எஃப். மவுண்டை 1987 இலும் அறிமுகப்படுத்தின. 2018 இல் இரு நிறுவனங்களும், உள்ளே ஆடியில்லாத புதுவகைக் காமிராக்களுக்காக, முறையே இசட், ஆர்.எஃப். என்னும் வேறு மவுண்டுகளைக் கொணர்ந்தன. பழைய லென்ஸ்களைப் புதியவற்றில் பூட்ட இணைப்பு வளையம் உண்டு. எனினும் இணைப்பு வளையம், வேண்டும்போது வீட்டில் மறந்துவிடக்கூடிய இன்னொரு பொருள் என்பதை நினைவிற் கொள்க.

மவுண்ட் ஒன்றாயிருப்பினும் உள்ளே வேற்றுமை இருக்கலாம். நிக்கானின் பழைய ஏ.எஃப்.-டி வகை லென்ஸ்களில் மோட்டார் இல்லை. காமிராவில் உள்ள மோட்டாரே அவற்றை இயக்கும். டி 7200, டி 7500 ஆகியவற்றில் அம்மோட்டார் உண்டு. விலை குறைந்த டி 3500, டி 5600 ஆகியவற்றில் இல்லை. ஆதலால் அதே லென்ஸ் இவற்றில் பூட்டிக்கொள்ளும், ஆனால் தானே குவியாது. கையால் திருப்ப வேண்டும். கேனனின் இ.எஃப்.-எஸ் லென்ஸ்களோ, அந்நிறுவனத்தின் முழுச்சட்ட எஸ்.எல்.ஆர். காமிராக்களில் பூட்டவே பூட்டா. கடைக்குச் செல்லும்போது நம்மிடமுள்ள லென்ஸ்கள் அனைத்தையும் எடுத்துச் சென்று, ஒவ்வொன்றையும் பூட்டிப் பார்ப்பதே நலம்.

அடுத்தது பாட்டரி. இரு காமிராக்களுக்கும் ஒரே பாட்டரியும் ஒரே சார்ஜரும் அமையுமாயின் பாதிச் சுமை குறைந்தது. டி 7200 ஐயும் டி 750 ஐயும் ஒரே வகைப் பாட்டரி இயக்கும். டி 3500 க்கு வேறு. அட்டைகளும் அவ்வாறே ஒரே வகையாக இருத்தல் வேண்டும். சில காமிராக்களில் இரண்டு அட்டைகள் செருகும் வசதி உண்டு. அது எடுத்த படத்தைக் காக்கும். எடுக்க வேண்டிய படத்தைக் காக்காது. ஷட்டர் நின்றுவிட்டால் இரண்டு அட்டைகளும் சும்மா இருக்கும்.

புதிய பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. முதற் காமிராவிற்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த, ஒருவர் கையாண்ட பெட்டியே குடும்பத்தாருக்கு ஏற்றது. வாங்குமுன் அதன் ஷட்டர் எத்தனை முறை இயங்கியுள்ளது என்று பாருங்கள். டி 7200 இன் ஷட்டர் 1,50,000 முறை இயங்குமாறு சோதிக்கப்பட்டது. 20,000 முறை இயங்கிய பெட்டிக்கும் 1,20,000 முறை இயங்கிய பெட்டிக்கும் ஒரே விலை தரலாகாது. லென்ஸின் துளையை எஃப் 16 அளவிற்குச் சுருக்கி வெளிர்வானத்தைப் படமெடுத்தால், ஒளியுணரும் தகட்டில் உள்ள தூசு கரும்புள்ளிகளாகத் தெரியும். வாங்கிய பில்லும், பெட்டியின் அடியிலுள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்றும் நோக்குக.

தூசு என்றதும் நம் மண்மேடுகள் நினைவிற்கு வருகின்றன. பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட அரைபாறைப் பொடி அது. காற்று வீசினால் மாவெனப் பறக்கும். அங்கே நின்று லென்ஸ் மாற்றுவது காமிராவின் வயிற்றைத் திறந்து புழுதியை வரவேற்பதாகும். இரண்டு பெட்டிகள் உள்ளவர், ஒன்றில் அகலப் பார்வை லென்ஸையும் மற்றொன்றில் தொலைப்பார்வை லென்ஸையும் வீட்டிலேயே பூட்டிக்கொண்டு புறப்படலாம். இதனால் இரண்டாவது காமிரா அலமாரியில் உறங்காது. அடிக்கடி கையில் எடுக்கப்படும் கருவியின் குறையே முன்கூட்டித் தெரியவரும். இரண்டின் கடிகாரங்களையும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையேல் பின்னர் படங்களை வரிசைப்படுத்தும்போது தாலி கட்டியது முன்னும் மாலை மாற்றியது பின்னுமாகக் குழம்பும்.

இவ்வளவும் கூறியபின், எல்லோரும் வாங்கியே தீரவேண்டும் என்று நாம் கூறவில்லை. பிள்ளையின் பள்ளிச் சம்பளம் காத்திருக்கையில் காமிரா காத்திருக்கட்டும். முதலில் ஓர் உபரிப் பாட்டரியும் ஓர் உபரி அட்டையும் வாங்குங்கள்; பெரும்பாலான இடையூறுகள் இவற்றாலேயே தீரும். சட்டைப் பையிலுள்ள தொலைபேசியும் ஒரு துணைக் காமிராவே. பகல் வெளிச்சத்தில் அருகிலிருக்கும் முகத்தை அது நன்றாகவே எடுக்கும். ஷாஃப்டின் இரும்புக் கோபுரத்தை வேலிக்கு வெளியே தொலைவில் நின்று எடுக்கவும், மங்கிய விளக்கில் ஆடும் குழந்தையை எடுக்கவுமே அதன் வலிமை குறையும்.

செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. ஒரே மவுண்ட் காமிரா உடைய இரு குடும்பத்தார், ஒருவருக்கொருவர் கைக்காப்பாக இருக்கலாம். இவர் வீட்டுத் திருமணத்திற்கு அவர் காமிரா வரும். அவர் வீட்டுக் காதணி விழாவிற்கு இவர் காமிரா செல்லும். நம் சங்க உறுப்பினர்களுள் எவரெவரிடம் எந்த மவுண்ட் காமிரா இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி வைத்தால், ஒரு பெட்டியும் வாங்காமலேயே பல வீடுகளுக்கு இரண்டாவது வாயில் திறக்கும். அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும் அன்பர்கள் தத்தம் காமிராவைக் கையோடு கொண்டுவர வேண்டுகிறோம். லென்ஸ்களை மாற்றிப் பூட்டிப் பார்த்துப் பட்டியலை அன்றே எழுதிவிடலாம்.