மன்னார்த் தாம்போதியும் வரைபடக் கூலியும்

மன்னார்த் தீவுக்கு வாகனத்தில் போக ஒரே வழி, கடலைக் குறுக்கறுக்கும் தாம்போதி. பெருநிலப்பரப்பிலிருந்து மன்னார் வைத்தியசாலைக்கு வருகிறவருக்கும் அதே வழிதான். 1930இல் கட்டிய பாலம் 1990இல் போரில் தகர்ந்தது. பிறகு தற்காலிக இரும்புப் பாலம். ஜப்பானிய நன்கொடையுடன் எழுந்த இன்றைய பாலம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது.

இத்தகைய வேலைகளின் திறப்புவிழாச் செய்தியில் மொத்தச் செலவு வரும். வடிவமைப்புக்கு எவ்வளவு போனது என்பது வருவதில்லை. இடையில் பொறியியலாளர் ‘மேலதிக வடிவமைப்பு’ என்று கட்டணம் கேட்டால் மட்டும் உடனே ஊழல் என்கிறோம்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. கடலடி மண்ணின் குணம் தோண்டிய பின்பே முழுதாகத் தெரியும். உப்புக்காற்று கம்பியை அரிக்கும். இருபுற நீரும் ஓடத் திறப்புகள் வேண்டும். அவற்றை மறுபடி கணக்கிடுவது உழைப்பு. அதற்குக் கூலி உண்டு. தன் முதல் வரைபடத்தின் பிழையைத் திருத்தவும் அதே தலைப்பில் பணம் வாங்குவது வேறு. கட்டுமானச் செலவின் விழுக்காடாகக் கட்டணம் பேசியிருந்தால் இன்னும் மோசம்: செலவு ஏற ஏற அதுவும் ஏறும் (சிக்கனமாக வரைபவருக்குத்தான் நட்டம்!).

மாற்றத்தைக் கேட்டது யார், எதற்காக, எவ்வளவுக்கு என்று சொல்லும் ஒரு தாள் போதும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இலங்கைக் குடிமகன் எவரும் அதைக் கேட்கலாம்.