ஒற்றை ஜாப் செய்யும் கைகள்

பெரம்பலூரில் லேத் பட்டறையைத் தேடி அலைய வேண்டியதில்லை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஊரை ஒட்டி ஓடுகிறது. வண்டி நிற்கிற இடத்தில் மெக்கானிக் ஷெட் இருக்கும், ஷெட் இருந்தால் பக்கத்தில் ஒரு லேத்தும் இருக்கும். கிழக்கே அரியலூர்ப் பக்கம் போனால் இந்தப் பட்டறைகளுக்கு வேலை கொடுப்பவை சிமென்ட் லாரிகளும் டிப்பர்களும்தான். அங்கே அரசு சிமென்ட் ஆலை 1979-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு தனியார் ஆலைகளும் பெருகின. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான் இத்தனைக்கும் மூலதனம். அந்தக் கல்லின் தூசி கிரீஸோடு கலந்தால் புஷ்ஷும் பின்னும் சீக்கிரம் தேயும்.

லாரி வேலைக்கு நடுவே கார் வேலையும் வரும். அது அளவில் சின்னது, நுணுக்கத்தில் பெரியது. நான் போயிருந்தபோது பெரம்பலூர்ப் பட்டறை ஒன்றின் மேசையில் பழைய அம்பாசடர் ஒன்றின் ஸ்டார்ட்டர் மோட்டார் பிரித்துக் கிடந்தது. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஓடுகிற வண்டிகள் இன்னும் இருக்கின்றன. பாகத்துக்கு மட்டும் அலைய வேண்டும். இந்த மோட்டாரில் ஆர்மேச்சர் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தது. புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் ஆடி, சுற்றியுள்ள காந்தத் துருவத்தில் உரசும். சாவியைத் திருப்பினால் முனகல் வரும், எஞ்சின் சுற்றாது.

“பழைய புஷ்ஷை மட்டும் கொண்டாந்தா எதுக்கு ஆகும்? ஷாஃப்ட், மூடி, எல்லாம் வேணும்ணே” என்றார் டர்னர், எதிரில் நின்ற மெக்கானிக்கிடம்.

காரணம் இருக்கிறது. தேய்ந்த புஷ் தன் பழைய அளவைச் சொல்லாது. வெளிவட்டத்தை, புஷ் உட்காரும் மூடியின் துளையில் அளக்க வேண்டும். உள்வட்டத்தை ஷாஃப்டில் அளக்க வேண்டும். அதுவும் ஒரு பக்கம் தேய்ந்திருக்கலாம் என்பதால் மைக்ரோமீட்டரைச் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்க்க வேண்டும். வரைபடம் என்று தனியாக ஏதும் கிடையாது. சாக்பீஸால் தரையில் நான்கு எண்கள் எழுதினார், அவ்வளவுதான் டிசைன்.

கம்பெனி புஷ், வெண்கலத் தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்தது. அதன் நுண்துளைகளில் எண்ணெய் ஊறி நிற்கும். லேத்தில் அப்படிச் செய்ய வழியில்லை. அதற்கு ஈடாக ஒரு கன்மெட்டல் துண்டைச் சக்கில் பிடித்தார். இரும்பு கடைந்தால் சுருள் சுருளாக வரும். கன்மெட்டல் பொடிப்பொடியாகக் கொட்டுகிறது. வெளிவட்டத்தைத் துளையைவிட ஒரு மயிரிழை பெரிதாக விட்டார், அடித்து இறக்கினால் பிடித்து நிற்பதற்காக. உள்வட்டத்தை முழு அளவுக்குக் கொண்டுவரவில்லை. இறுக்கி இறக்கியதும் புஷ்ஷின் துளை கொஞ்சம் சுருங்கும் என்பதால், கடைசி அளவை ரீமர் போட்டு அப்புறம்தான் எடுக்கிறார்கள். எண்ணெய் தங்க உள்ளே ஒரு சிறு காடியும் வெட்டினார்.

அளக்கும் முன் ஜாப்பை ஆறவிட்டதையும் பார்த்தேன். எஃகு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் 10 லட்சத்தில் சுமார் 12 பங்கு விரியும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு ஜாப் 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 0.012 மில்லிமீட்டர் பெரிதாகக் காட்டும். இறுக்கமாகப் பொருந்த வேண்டிய பாகத்துக்கு இந்த வித்தியாசம் போதும், வேலை வீணாக.

இளைஞர்கள் கொண்டுவரும் வேலை வேறு மாதிரி. வெளியில் வாங்கிய அலாய் வீலின் நடுத்துளை பெரும்பாலும் 73.1 மில்லிமீட்டர், ஸ்விஃப்ட் போன்ற மாருதி கார்களின் ஹப் 54.1. நடுவே ஒரு அலுமினிய ரிங் கடைந்து போட்டால் சக்கரம் மையத்தில் உட்காரும். ரிங் சரியில்லாமல் சக்கரம் மையம் விலகி உட்கார்ந்தால், வேகம் கூடும்போது ஸ்டியரிங் நடுங்கும்.

செய்ய மறுக்கிற வேலையும் உண்டு. முறிந்த ஸ்டியரிங் பாகம், விரிசல் விட்ட பிரேக் பாகம் என்று வந்தால் அந்த டர்னர் கையில்கூட வாங்கவில்லை. கம்பெனி அந்த எஃகைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தியிருக்கும். கடைந்து உருவம் கொண்டுவரலாம், பலம் வராது. நிறுவனம் வகுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன தீர்ப்பும் இருக்கிறது. சட்டத்துக்கு முன்பே தொழிலறிவு அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறது என்பதே என் கணிப்பு.

ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்பு 2 ஆண்டு. அதன்பின் கைப்பழக்கம் வரப் பட்டறையில் பல ஆண்டு நிற்க வேண்டும், நின்றுகொண்டேதான் வேலை. ஒரே பாகம் ஆயிரம் வேண்டுமென்றால் கோயம்புத்தூர், ஓசூர் சி.என்.சி. யந்திரங்களுக்குப் போய்விடும். ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் இவர்களிடம்தான் வர வேண்டும். கூலி பேசும்போது மட்டும் பலர் கன்மெட்டலின் எடையைக் கணக்குப் போட்டுப் பேரம் பேசுகிறார்கள். அளக்கச் செலவான நேரம் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. இது நியாயமில்லை.

உங்கள் காருக்கு ஒரு பாகம் கடைய வேண்டியிருந்தால், தேய்ந்ததோடு அது பொருந்தும் பாகத்தையும் எடுத்துப் போங்கள். எங்கே சுழல்கிறது, எவ்வளவு சுமை தாங்குகிறது என்று சொல்லுங்கள். அளவெடுக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.